திராவிட்டும் லட்சுமணனும்: எண்களும் இயல்பும்

டெஸ்ட் கிரிக்கெட் கணக்கை மட்டும் பார்த்தால் ராகுல் திராவிட்டே முன்னிற்கிறார்: 164 ஆட்டங்களில் 13,288 ஓட்டங்கள், வி.வி.எஸ். லட்சுமணனுக்கோ 134 ஆட்டங்களில் 8,781. ஆனால் 2001 மார்ச்சில் கொல்கத்தாவில், ஆஸ்திரேலியாவிடம் பாலோ ஆன் பெற்ற (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மீண்டும் ஆட வைக்கப்பட்ட) இந்தியாவை இருவரின் 376 ஓட்டக் கூட்டணி மீட்டபோது, ஆட்டத்தின் போக்கைத் திருப்பியது லட்சுமணனின் 281தான். பேட்டிங் வரிசையில் தமது வழக்கமான மூன்றாம் இடம் லட்சுமணனுக்குத் தரப்பட்ட நிலையில், ஆறாவதாக இறங்கி 180 எடுத்த திராவிட்டின் மனப்பாங்கை, அந்த ஓட்டங்களைவிடவும் நான் பெரிதாக மதிக்கிறேன். அணியின் சமநிலைக்காக 2003 உலகக் கோப்பையில் அவர் விக்கெட் காத்ததும் அதே குணத்தின் வெளிப்பாடுதான். லட்சுமணனின் உறுதி வேறு வகையானது: 2010இல் மொகாலியில் முதுகுவலியோடு, கடைநிலை ஆட்டக்காரர்களைத் துணைக்கொண்டு, ஆட்டமிழக்காமல் 73 எடுத்து, ஒரே விக்கெட் மீதமிருக்க அணியை வெல்லவைத்தார். நீண்ட தொடருக்குத் திராவிட்டையும், தோல்வி நெருங்கும் கடைசி நாளுக்கு லட்சுமணனையுமே தேர்வேன்.