துப்பாக்கியோடு விமானம் ஏறுபவர்களே, ஏஜெண்ட் 'கன்ஃபர்ம்' என்றால் நம்பிவிடாதீர்கள்

டெக்ஸாஸில் மான் வேட்டைக்குப் போகிற நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அடுத்து சொந்த ரைஃபிளோடு தென்னாப்பிரிக்கா போகலாம் என்று யாராவது நினைத்தால், இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் குடு என்ற மான் வகையை வேட்டையாட ஏற்பாடு. வேட்டைப் பயணங்களுக்கென்றே டிக்கெட் போடும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம், தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் பணம் போக 'துப்பாக்கி ஏற்பாடு' என்று தனித் தொகை. ஹூஸ்டனிலிருந்து ஐரோப்பா வரை ஒரு விமான கம்பெனி, அங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை வேறொன்று. இரண்டிலும் அனுமதி வாங்கியாச்சு, எல்லாம் கன்ஃபர்ம் என்று ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்.

என் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. அமெரிக்கச் சுங்க அதிகாரி ரைஃபிளைப் பார்த்து சீரியல் எண்ணைச் சரிபார்த்து முத்திரை குத்திய 4457 என்ற படிவம் கையில். பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டி. தோட்டாக்கள் கம்பெனி அட்டைப்பெட்டியில், 5 கிலோவுக்கு ரொம்பக் கீழே. ஹூஸ்டன் விமான நிலையக் கவுன்டரில் இருந்த அம்மா, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்ற அட்டையில் என் கையெழுத்தை வாங்கி, பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். டேக் அடிக்கும்போதுதான் அவர் கை நின்றது.

ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டாவது விமானம் தனி பி.என்.ஆர்., அதாவது தனி முன்பதிவு. அதில் துப்பாக்கிக்கான 'டபிள்யூ.ஈ.ஏ.பி.' வரி இருக்கிறது, பக்கத்தில் 'எச்.என்.' என்ற குறி. கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை என்று அர்த்தம். சம்மதம் கிடைத்திருந்தால் 'எச்.கே.' இருக்கும். ஏஜெண்ட் கோரிக்கையை அனுப்பியதோடு சரி.

ஐரோப்பா வரைதான் டேக் போட முடியும், அங்கே நீங்களே எடுத்து மறுபடி கொடுங்கள் என்றார். பெட்டியை எடுக்க வேண்டுமானால் குடிவரவைத் தாண்டி அந்த நாட்டுக்குள் போக வேண்டும். அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு ஒரு நாட்டுக்குள் நுழைவது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. என்னை இறக்கிவிட வந்த நண்பரோடு ரைஃபிள் வீடு திரும்பியது. நான் கேம்ப்பில் வாடகைத் துப்பாக்கியோடு அலைந்தேன். குறி சரியாக விழும்படி ஸ்கோப்பை சீரோ செய்யவே ஒரு காலை போயிற்று.

திரும்பி வந்து பில்லைப் பார்த்தால் 'தென்னாப்பிரிக்க அரசு பெர்மிட் கட்டணம்' என்று இன்னொரு வரி! ஜோஹன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் போலீஸ் கொடுக்கும் அந்தத் தற்காலிக அனுமதிக்குக் கட்டணமே கிடையாது. அந்தப் போலீஸின் 520 என்ற படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கூட நின்று உதவும் ஆட்கள் பணம் வாங்குவார்கள். நீண்ட பயணக் களைப்பில் அது நியாயமான செலவுதான். அதை அரசுக் கட்டணம் என்று பில் போடுவது பகல் கொள்ளை. துப்பாக்கியே போகாத பயணத்துக்கு வேறு!

ஆகவே முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். பி.என்.ஆரை வாங்கி நீங்களே விமான கம்பெனிக்குப் போன் போட்டு 'எச்.கே.' ஆகிவிட்டதா என்று கேளுங்கள், மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்ஷேர் என்றால், அதாவது ஒரு கம்பெனி பெயரில் டிக்கெட், ஓடுவது வேறு கம்பெனி விமானம் என்றால், டிக்கெட்டில் பெயர் போட்ட கம்பெனி சம்மதித்தால் போதாது. விமானத்தை இயக்கும் கம்பெனியின் சம்மதம் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால், வெளியே வராவிட்டாலும், டச்சு சுங்கத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அமெரிக்காவுக்குள்ளேயும் கவனம். 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் நியூஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கி ராத்திரி ஹோட்டலில் தங்கி, மறுநாள் கவுன்டரில் கைத்துப்பாக்கி இருக்கிறது என்று ஒழுங்காகச் சொன்னார். கைது, சில நாள் சிறை. குற்றச்சாட்டைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் அவர் போட்ட வழக்கு 2010-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. நியூயார்க், நியூஜெர்சி வழியாக டிக்கெட் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏஜென்சி பணம் தர மறுத்துவிட்டது. 'கோரிக்கை அனுப்புவதுதான் எங்கள் சேவை' என்று பதில். கார்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டு, அந்த வாட்ஸ்அப் செய்தியையும் இணைத்திருக்கிறேன்.