இத்தாலிய யார்டு பேப்பர மொழிபெயர்க்கக் குடுத்தேன்: அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்

வீட்ல 1:87 ஸ்கேல்ல ஒரு இத்தாலிய மார்ஷலிங் யார்டு, அதாவது சரக்கு வேகனைப் பிரிச்சு வேற வேற ரயிலா சேக்கற இடம், அதோட மாடல் கட்டிட்டு இருக்கேன், அதுக்குன்னு தேடினப்போ பழைய யார்டு வேலை விதிகள் 14 பக்கம் கிடைச்சுது, ஆன்லைன்ல ஒரு மொழிபெயர்ப்பு சர்வீஸ்ல குடுத்து இங்கிலீஷ்ல வாங்கினேன். பேர் வேணாம் விடுங்க. சொன்ன நாள்ல வந்துச்சு, இலக்கணம் சுத்தம், அந்த ரெண்டு ஸ்டார் அதுக்குத்தான்.

முதல் பக்கத்துலயே வேகனை எல்லாம் பாரிஸ்காரி மேல தள்ளி ஏத்தணும்னு இருக்கு! ஹம்ப் இருக்குல்ல, எஞ்சின் பின்னாடி இருந்து மெதுவா தள்ள, வேகன் மேட்டைத் தாண்டினதும் தானா உருண்டு அதது லைனுக்குப் போய்ச் சேருமே, அதுக்கு இத்தாலியன்ல முறையான பேரு செல்லா டி லான்ச்சோ, ரயில்வேகாரங்க பேச்சுல பாரிஜினா. சாதா அகராதில பாத்தா பாரிஸ் பொண்ணுன்னுதான் வரும். முறையான பேரையும் விட்டு வைக்கல, சேணம், ஏவுறதுன்னு வார்த்தைக்கு வார்த்தை போட்டு ராக்கெட் விடற மாதிரி ஆக்கிட்டாங்க.

இந்த மாதிரி தப்பு பரவால்ல, கண்ல பட்டுடும். படிக்க சரியா இருக்கற தப்புதான் கவுத்துடுது. பினாரியோன்னா ஸ்டேஷன்ல பயணிக்கு பிளாட்ஃபார்ம், யார்டுல வெறும் லைன். இவங்க எல்லா இடத்துலயும் பிளாட்ஃபார்ம்னே போட்டுட்டாங்க, வேகன் பிரிக்கற இடத்துல யாருங்க ஏறி இறங்கப் போறா? நானும் நம்பி ரெண்டு பிளாட்ஃபார்ம் வெட்டி ஒட்டி, அப்புறம் பேத்து எடுத்தேன். நிக்கற வேகன் உருளாம இருக்க சக்கரத்துல வைக்கற ஸ்கிட், இத்தாலியன்ல ஸ்தாஃபா, அது இங்க பிராக்கெட். வரிசையா பக்கத்துப் பக்கத்துல போற லைன் கூட்டத்துக்கு ஃபாஷோ, அது பீம் ஆயிடுச்சு.

ரயில் ஒரு லைன்ல இருந்து இன்னொரு லைனுக்கு மாறுற பாயின்ட்ஸ்ல ரெண்டு தண்டவாளம் வெட்டிக்கற இடம் குவோரே, அதாவது இதயம். இங்கிலீஷ்ல அதுக்கு ஃப்ராக். இதயத்தைத் தவளையாக்கணும்னு ரயில் தெரியாத ஆளுக்கு எப்படித் தோணும், அதுல மட்டும் நான் கோவப்படல. ஆனா பிரிட்டிஷா அமெரிக்கனான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தண்டவாளத்துக்கு அடில குறுக்க போடற கட்டை ஒரு பக்கத்துல ஸ்லீப்பர், அடுத்த பக்கத்துல டை, ஒரு இடத்துல பாயின்ட்ஸ், இன்னொரு இடத்துல ஸ்விட்ச்.

கம்ப்ளெயின்ட் பண்ணதுக்கு திருத்தி அனுப்பினாங்க. பாரிஸ்காரி போயி ஹம்ப் வந்துடுச்சு, பிளாட்ஃபார்ம் மட்டும் அங்கயே நிக்குது.