பழைய வள்ளத்துப் பலகை: தேக்கா, அயினியா, கருவேலமா?

உடைத்துப் போட்ட வள்ளத்து (மரப்படகின்) மரத்தில் பெட்டி, சட்டம், சாவி மாட்டும் கட்டை என்று சின்னச் சாமான்கள் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தேக்கு கிடைக்குமா?" நான் முதலில் தேடுவது அயினி.

தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுமரத்தில், ஊறியிருக்கும் எண்ணெய்தான் அதை உப்புத் தண்ணீரில் காப்பாற்றுகிறது. அதே எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரில் துடைத்தே ஆக வேண்டும். மரத்துக்குள் சிலிக்கா இருப்பதால் உளியும் சீக்கிரம் மழுங்கும். மூடி கச்சிதமாக உட்கார வேண்டிய பெட்டி என்றால், சரி, தேக்கையே எடுங்கள். மழைக்காலத்திலும் அதிகம் ஊதாது.

அயினி பலாவுக்குச் சொந்தம். தேக்கைவிட லேசு, உளிக்கு நன்றாக இணங்கும். கறுத்துப்போன பலகையில் இழைப்புளி இரண்டு முறை ஓடினால் போதும், உள்ளே பொன்மஞ்சள் தெரியும். நாள்பட நாள்பட அது தேன் நிறத்துக்கு இறங்கும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலக்கறுப்பாக ஒரு வளையம் இருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை அது. பலர் அதை வெட்டி எறிகிறார்கள். எனக்கு மனசு வராது. போட்டோ சட்டத்தின் மூலையில் அந்த வளையம் வருகிற மாதிரி அறுப்பேன். கேரளத்துக் கெட்டுவள்ளங்களோ ஆணியே இல்லாமல் அயினிப் பலகையைக் கயிற்றால் தைத்தவை. அந்தப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். கயிறு போன துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றிலேயே முளைகளைச் செருகினால் சாவி மாட்டும் கட்டை தயார்.

கருவேலம் வள்ளத்தின் விலா எலும்பான வங்குகளில் கிடைக்கும். வளைந்த துண்டு, நல்ல கனம், கைவாள் திணறும். உளிப்பிடி, கத்திப்பிடி போட மட்டும் எடுத்து வையுங்கள்.

எந்த மரமானாலும் அகப்பை, தட்டு மட்டும் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அடிப்பாகத்துப் பெயிண்டில் பாசி பிடிக்காமலிருக்கச் சேர்த்த செம்பு இருக்கலாம். டீசலும் ஊறியிருக்கும். பெயிண்டை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அப்புறம், துண்டுகளை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, நிழலில் காயவையுங்கள். அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒடிந்த ஆணி உள்ளே இருக்கும். செம்பு ஆணி காந்தத்துக்குச் சிக்காது. அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.