வன்னியிலிருந்து புகையின் தடம் தேடி: செய்மதிப் படங்களுடன் சில ஆண்டுகள்

நாசாவின் இரு இணையத்தளங்களை, அதாவது அன்றாடச் செய்மதிப் படங்களைக் காட்டும் வேர்ல்ட்வியூ (Worldview), தீ எரியும் இடங்களைக் காட்டும் பேர்ம்ஸ் (FIRMS) ஆகியவற்றை, கிளிநொச்சியிலிருந்து சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் இலவசம்; கணக்குத் திறக்காமலேயே படங்களைப் பார்க்கலாம். வீட்டில் தொய்வு நோயாளி ஒருவர் இருப்பதால், வானம் மங்கும் நாட்களில் புகை எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது எங்களுக்கு அவசியமானது.

தொலைவிலிருந்து வரும் புகைக்கு வேர்ல்ட்வியூதான் சிறந்தது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கல் எரிக்கப்படும்போது கங்கைச் சமவெளியின் மேல் சாம்பல் படலம் தேங்குவதையும், பின்னர் வாடைக்காற்றோடு வங்காள விரிகுடாப் பக்கம் மங்கல் நகர்வதையும் திகதி திகதியாக நகர்த்திப் பார்க்க முடிகிறது. புகையையும் முகிலையும் பிரித்தறிய நான் மன்னாரையே பார்ப்பேன்: மெல்லிய புகையாயின் தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணற்திட்டுகள் அதனூடே மங்கலாகத் தெரியும், தடித்த முகிலாயின் அவை முற்றாக மறைந்துவிடும். கடலில் சூரிய ஒளி தெறிக்கும் வெளிறிய பட்டையும் புகைபோலத் தோன்றும் என்பதால், தரையின் மேலும் அம்மங்கல் தொடர்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பெருங்குறை மாரிமுகில்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி இந்தியப் பக்கத்து மாசு இங்கு பரவி, 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. முகில் மூடிய அத்தகைய நாட்களில், கண்ணுக்குத் தெரிவதுபோலக் காட்டும் இயல்பு நிறப் படத்தால் பயன் குறைவு. அப்போது சென்டினல்-5பி செய்மதியின் புறஊதாத் துகள் சுட்டெண் (புறஊதா ஒளியைக் கொண்டு காற்றிலுள்ள புகை, தூசுத் துகள்களைக் காட்டும் அளவு) கைகொடுக்கும். முகிலுக்கு மேலே மிதக்கும் புகையையும் அது காட்டும், ஆனால் நிலத்தை ஒட்டிய புகையை அவ்வளவாக உணராது.

உள்ளூர்த் தீக்கு பேர்ம்ஸ். அதற்குச் செய்மதிகளிலுள்ள விர்ஸ் (VIIRS) கருவி 375 மீற்றர் கட்டங்களிலும், பழைய மோடிஸ் (MODIS) கருவி 1 கிலோமீற்றர் கட்டங்களிலும் வெப்பப் புள்ளிகளைத் தருகின்றன. நமது அகலாங்கில் மோடிஸின் பாதைகளுக்கிடையே சில நாட்களில் படம்பிடிக்கப்படாத இடைவெளி விழும். விர்ஸில் அது இல்லை. சிவப்புப் புள்ளி கட்டத்தின் நடுவையே குறிக்கிறது, எரியும் வயலை அல்ல. எனவே அதை வைத்து எவரது காணியையும் சுட்டிக்காட்டுதல் நியாயமாகாது. விர்ஸ் பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் நள்ளிரவு கடந்து அதே நேரத்திலும் கடப்பதால், அறுவடை முடிந்து மாலையில் கொளுத்தி இருட்டுவதற்குள் அணைந்துவிடும் வைக்கல் தீ பெரும்பாலும் பதிவாவதில்லை. நம் ஊர்ப் புகையில் கணிசமான பங்கு அதுவே என்பது என் கணிப்பு. வரைபடம் வெறுமையாக இருப்பதைக் கொண்டு காற்று சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

செய்மதி நிலத்திலிருந்து வான்வரையுள்ள துகள்களை ஒன்றாகவே காண்கிறது. ஆகவே நோயாளியை வெளியே விடுவதா என்பதை நிலத்தில் எடுக்கப்படும் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவீட்டைக் கொண்டே தீர்மானிக்கிறோம். புகை வந்த திசையையும், நாளை அது தொடருமா என்பதையும் அறியவே படங்களைத் திறக்கிறேன்.