"துரை பங்களா வெள்ளி" என்று விற்கப்படும் டீ செட்கள்: வாங்குவோர் கவனத்திற்கு

நுவரெலியாவில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், எங்கள் விடுதியின் வரவேற்பறையில் வைப்பதற்காக டீ பொட், பால் ஜக், சீனிக் கிண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த டீ செட் ஒன்றை, "பெரியதுரை (தோட்டத்தின் தலைமை அதிகாரி) பங்களாவிலிருந்து வந்த சுத்த வெள்ளி" என்ற உறுதிமொழியின் பேரில், ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு என்னிடம் விற்றார்கள். அது வெள்ளியே அல்ல. பதுளையில் நகைவேலை செய்யும் ஆசாரி ஒருவர், மூடியின் உட்புறத்தில் சிறிது அராவி ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டதும் பச்சையாகப் பொங்கியது. உள்ளே செம்பு கலந்த மலிவான உலோகம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டாததால் இது வெள்ளி என்றார். இந்தச் சோதனையை நம்பாதீர்கள். வெள்ளி முலாம் பூசிய பாத்திரங்களின் அடியுலோகம் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த 'ஜெர்மன் சில்வர்'. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை, ஆனால் அதிலும் காந்தம் ஒட்டாது. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் மின்முலாமுக்கு (மின்சாரத்தால் வெள்ளியை மெல்லியதாகப் படியவைக்கும் முறைக்கு) காப்புரிமை பெற்ற பிறகு இவ்வகைப் பாத்திரங்கள் ஏராளமாக உற்பத்தியாயின. அவற்றை முலாம் என்றே சொல்லி, முலாமுக்குரிய விலையில் விற்பதில் எந்தத் தவறும் இல்லை.

பார்க்க வேண்டியது அடியில் உள்ள முத்திரைகளை. இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட 92.5 வீத வெள்ளியில், ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருக்கும். அதனுடன் சோதனை நடந்த நகரின் குறியும் இருக்கும். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையும் பொறிக்கப்பட்டது. எனக்கு விற்கப்பட்டதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஈ, பி, என், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தனித்தனிக் கேடயங்களுக்குள் இருந்தன. மின்முலாம் பூசிய 'நிக்கல் சில்வர்', அதாவது மேலே சொன்ன ஜெர்மன் சில்வர், என்பதே அவற்றின் பொருள். தூரத்தில் பார்த்தால் அரச முத்திரை போலத் தோன்றும்படி அக்காலத் தயாரிப்பாளர்களே அவற்றை அமைத்தார்கள். "இவை ராஜா முத்திரைகள்" என்று கடைக்காரர் சொன்னதற்கு அது வசதியாகிவிட்டது. சிலவற்றில் காணப்படும் 'ஏ1' என்பதும் முலாமின் தரத்தையே குறிக்கும், வெள்ளியின் தூய்மையை அல்ல.

இதைவிடப் பெரிய பொய் டீ பொட்டின் வயிற்றில் இருந்தது: ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரும் 1852 என்ற ஆண்டும். இலங்கையில் வணிக அளவில் முதன்முதலாக ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1852இல் நம் மலைகளில் பெருந்தோட்டப் பயிராக இருந்தது கோப்பி. தேயிலைத் தோட்டமே இல்லாத காலத்தில் அதற்கு டீ செட் எப்படி வந்தது? எழுத்துகளின் விளிம்புகள் விரலில் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருந்தன. பல்லாண்டுகள் துடைத்துப் பளபளப்பாக்கிய பாத்திரத்தில் வெட்டெழுத்து மழுங்கியிருக்கும். காலப்போக்கில் படியும் கறுப்பு, பள்ளங்களில் மட்டும் தங்கியிருக்கும். இங்கோ, பள்ளம் மேடு பாராமல் ஒரே சீராகக் கறுப்பு பூசப்பட்டிருந்தது. மூக்கின் நுனி, கைப்பிடி, அடிவிளிம்பு ஆகிய தேயும் இடங்களில் மஞ்சள் நிறம் தெரிகிறதா என்பதையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளியானால் எவ்வளவு தேய்ந்தாலும் நிறம் மாறாது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம்மவரில் பலருடைய தாய் தந்தையர் அந்தப் பங்களாக்களில் இத்தகைய பாத்திரங்களைக் கழுவித் துடைத்தவர்கள். அந்த நினைவுக்காகவே ஒன்றை வாங்கி வீட்டில் வைக்க விரும்புகிறவர்களை நான் அறிவேன். அந்த உணர்வையே விலைபேசுகிறார்கள்.

பற்றுச்சீட்டில் "பழைய பாத்திரங்கள் 3" என்று மட்டுமே எழுதித் தந்தார்கள். "92.5 வெள்ளி" என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள், மறுத்தால் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி எண் 1977. முறைப்பாட்டை எழுத்து மூலம், மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்திருக்கிறேன். அதே கடையில், அதே தோட்டப் பெயரும் அதே ஆண்டும் வெட்டிய ஒரு தட்டும் இரண்டு மெழுகுதிரித் தண்டுகளும் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன.