61 விசையா, 68 விசையா: பம்பலப்பிட்டியில் நான் எடுத்த சின்னக் கீபோர்ட்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் மட்டும் விளையாடுகிறவர் என்றால் 61 விசை உள்ள ரெட்ராகன் கே617 ஃபிஸ், சிவப்பு ஸ்விட்ச் (ஸ்விட்ச் என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருந்து அழுத்தத்தைப் பதிவு செய்யும் பாகம்), தாராளமாக எடுக்கலாம். கேமோடு பாமினி எழுத்துருவில் தமிழும் நிறைய அடிக்கிறவர் என்றால் கொஞ்சம் காசு சேர்த்து 68 விசை உள்ள ஒன்றுக்குப் போங்கள். நான் முதலாவதை வாங்கி எட்டு மாதமாகப் பாவிக்கிறேன், பகலில் டைப்செட்டிங் வேலை, இரவில் வலோரன்ட் என்ற சுடுகிற கேம், இரண்டுக்கும் இது ஒன்றுதான்.

இதற்கு முன்னால் இருந்த கீபோர்ட்டின் பெயர் வேண்டாம். விலை குறைவு, வெளிச்சம் அதிகம், ஸ்விட்ச் எல்லாம் போர்டில் ஈயம் வைத்து ஒட்டியது. நான் இருப்பது வெள்ளவத்தையில், மெரின் டிரைவுக்குக் கிட்ட. இங்கே கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், கீபோர்ட்டை விடுமா? ஏழாவது மாதம் டபிள்யூ விசை ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் விழத் தொடங்கியது. பாமினியில் டபிள்யூதான் ற. ‘காற்று’ என்று அடித்தால் திரையில் ‘காறற்றுறு’ என்று வந்து நிற்கும், ஒரு பக்கம் முடிப்பதற்குள் எத்தனை ற அழிக்க வேண்டியிருந்தது என்று கேட்காதீர்கள். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். பில் இருக்கிறது, ஸ்டிக்கர் இருக்கிறது, ஆனால் உள்ளே துரு இருந்தால் வொரண்டி இல்லையாம். ஒரு விசைக்காக முழுக் கீபோர்ட்டும் போனது.

அதனால் இந்தத் தடவை ஒரே பிடியாக இருந்தேன்: ஸ்விட்சைக் கையால் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஹொட் ஸ்வொப் என்பது அதுதான். ஒரு ஸ்விட்ச் பழுதானால் பெட்டியோடு வரும் சின்ன இடுக்கியால் இழுத்து எடுத்துவிட்டு வேறொன்றை அமுக்கினால் முடிந்தது, ஈயமும் வேண்டாம், டெக்னீஷியனும் வேண்டாம். ஆனால் எல்லா ஸ்விட்சும் எல்லாப் போர்டிலும் ஏறாது. 5 பின் (ஐந்து கால்) ஸ்விட்சை 3 பின் போர்டில் பூட்டுவதென்றால் அடியில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டிவிட வேண்டும். சில மலிவுப் போர்டுகளின் துளையும் கொஞ்சம் ஒடுக்கம், ஸ்விட்சின் கம்பி வளைந்துவிடும். கடையிலேயே ஒன்றைக் கழற்றித் திரும்பப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

அடுத்த கடை என்பது இங்கே சுலபம். 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்கினால் மெஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் யுனிட்டி பிளாசா, மாடி மாடியாகக் கொம்பியூட்டர் கடைகள். ஒரு கடையில் விலை கேட்டதும் எடுத்துவிடாமல் நாலு படி ஏறி இறங்குங்கள். காசுக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை என்று இருக்கும், அதையும் முதலே கேளுங்கள். நான் காசாக 11,500 ரூபா கொடுத்தேன்.

கடைத் தம்பி முதலில் எடுத்து வைத்தது நீல ஸ்விட்ச். “அண்ணா, எல்லாரும் கேட்கிறது இதுதான், சத்தம் நல்லா வரும்” என்றான். சத்தம் நல்லாத்தான் வருகிறது, அதுதான் பிரச்சினை. என் அறையில் தம்பி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், இரவு பதினொரு மணிக்கு நான் ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் டிக் என்று அடித்தால் அவன் என்ன படிப்பான்? சிவப்பில் அந்த டிக் இல்லை, இடையில் தடங்கலும் இல்லை, நேரே கீழே போகும். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்சுக்கு 45 கிராம் அழுத்தம் போதும், 2 மில்லிமீட்டர் இறங்கினாலே பதிவாகிவிடும், முழு ஆழம் 4 மில்லிமீட்டர். மற்றக் கம்பனிகளின் சிவப்பும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். செர்ரியின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரோன், கெய்ல், ஔடெமு என்று சீனக் கம்பனிகள் அதே வடிவில் செய்யத் தொடங்கியதால்தான் இந்தச் சாமான் எங்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது. மண்ணிறமும் இருக்கிறது, மெல்லிய தடங்கலோடு. டைப்பிங் மட்டும் என்றால் அது நல்லது, கேமுக்கு எனக்குச் சிவப்புத்தான் பிடித்தது.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டிய இன்னொன்று, ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகத் தட்டிப் பார்ப்பது. நடுவில் தட்டினால் எல்லாம் நல்லாத்தான் கேட்கும். ஓரத்தில் தட்டும்போது கடகடவென்று ஆடினால் உள்ளே இருக்கும் ஸ்டெபிலைசர், அதாவது நீள விசை ஆடாமல் பிடிக்கும் பாகம், சரியில்லை. ஷிஃப்ட், என்டர் இரண்டையும் அதே மாதிரிப் பாருங்கள். அப்புறம் வயர், டைப் சி ஆக, கழற்றக்கூடியதாக இருக்கட்டும். வயர் இல்லாததும் இருக்கிறது, ரோயல் குளூஜ் ஆர்கே61 மாதிரி, ஆனால் புளூடூத்தில் சுடுகிற கேம் விளையாடாதீர்கள், தாமதம் கையில் தெரியும்.

இனி அளவு. பெரிய 104 விசைக் கீபோர்ட் கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர் அகலம், இது 29 வரும். அந்த 15 சென்டிமீட்டர் மவுசுக்குக் கிடைத்தது என் விளையாட்டையே மாற்றியது. மவுசின் வேகத்தைக் குறைத்து முழுக் கையையும் வீசித் திரும்ப இப்போதுதான் இடம் இருக்கிறது, முன்பெல்லாம் கை போய் நம்பர் விசைகளில் இடிக்கும். வாடகை அறையில் சின்ன மேசை வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஆனால் பகலில் இதே 61 விசையோடு நான் படுகிற பாடு வேறு. அம்புக்குறி விசைகள் தனியாக இல்லை, எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டும். பிழை திருத்தும் வேலையில் ஒரு எழுத்துக்கு முன்னால் போவதும் பின்னால் வருவதும் நாள் முழுக்க நடக்கிற காரியம், இரண்டு வாரத்தில் சுண்டுவிரல் நொந்தது. அதைவிட ஹ. பாமினியில் ஹ இருப்பது 1க்கு இடப்பக்கத்து விசையில், இந்த அளவில் அந்த இடத்தை எஸ்கேப் எடுத்துக்கொள்கிறது. ஹட்டன், ஹபரணை, ஹோமாகம என்று எங்கள் ஊர்ப்பெயர்களில் ஹ எவ்வளவு வருகிறது என்று இதில் அடித்த பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றுக்கும் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து. இது இந்த மொடலின் குறை இல்லை, 61 விசை என்றாலே பெரும்பாலும் இப்படித்தான்.

68 விசையில் அம்புக்குறி வந்துவிடும், அகலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் கூடும். சிலவற்றில் அந்த ஹ விசையை வலப்பக்க மேல்மூலையில் தனியாக வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் இல்லை. பெட்டியில் உள்ள படத்தை நம்பாமல் கீபோர்ட்டையே வெளியே எடுத்துப் பாருங்கள். தங்கச்சியும் பாமினியில்தான் அடிப்பாள், அடுத்த மாதம் அவளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ரோயல் குளூஜ் ஆர்கே68ஐப் பார்த்து வைத்திருக்கிறேன், அதில் ஹ எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன்.