சேகோ ஃபேக்டரிக்கு இன்டரிம் சிஇஓ எடுத்தோம் - எங்க அனுபவம்

ஆத்தூர் ரோட்டுல பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்துற சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி எங்களுது, ஸ்டார்ச்சும் போடுறோம். போன வருஷம் பேங்க் தவணை நின்னு எஸ்எம்ஏ-2ங்கிற பேங்க் எச்சரிக்கை லிஸ்ட்டுக்கு போயிடுச்சு, அதாவது 60 நாள் தாண்டியாச்சு, 90 தாண்டுனா என்பிஏ, வாராக்கடன். அப்பதான் ஆடிட்டர் சொல்லி ஒருத்தரை இன்டரிம் சிஇஓவா, அதாவது கொஞ்ச காலத்துக்கு மட்டும் கம்பெனியை நடத்துற தலைவரா எடுத்தோம். ஐரோப்பா, சிங்கப்பூர்னு முங்கப்போற கம்பெனிகள்ல போய் உக்காந்து தூக்கி நிறுத்துறதையே தொழிலா பல வருஷம் பார்த்தவர், இப்ப ஏற்காட்டுல செட்டில் ஆயிட்டார். இந்த சர்வீஸ் பத்தி நம்ம ஊர்க்காரங்க யாரும் எழுதி பார்க்கல, அதான் விவரமா எழுதுறேன்.

கன்சல்டன்ட்னா ரிப்போர்ட் குடுத்துட்டு பில் போட்டுட்டு போயிடுவாங்க. இவர் நம்ம சீட்லயே உக்காந்து செக்ல கையெழுத்து போடுவார், வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவார். வெளிநாட்டுல இது பெரிய தொழில்ங்க. 2008ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் பேங்க் விழுந்தப்புறம் அதை பிரிச்சு முடிக்க பிரையன் மார்சல்ங்கிறவரை சிஇஓவா போட்டாங்க, திவாலான என்ரான் கம்பெனியோட மிச்சத்தை பார்த்துக்கிட்ட ஜான் ரேதான் 2022 நவம்பர்ல எஃப்டிஎக்ஸ்ங்கிற கிரிப்டோ கம்பெனிக்கும் வந்தார். இங்க சத்யம் ஐடி கம்பெனி மோசடி கேஸ்ல 2009 ஜனவரில கவர்மெண்டே போர்டை கலைச்சு புது ஆளுங்களை போட்டு, ஏப்ரல்லயே டெக் மஹிந்திராவை கொண்டுவந்துட்டாங்க. எங்களுக்கு நடந்ததும் அதே ரகம்தான், அளவுதான் சின்னது.

வந்த உடனே லாப நஷ்டக் கணக்கை கேட்கவே இல்ல. அடுத்த 13 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்னு ஒரே ஒரு ஷீட் போட சொன்னார். அதை போட்டப்பதான் தெரிஞ்சுது, பணம் பூரா மஹாராஷ்டிரா பார்ட்டிங்ககிட்ட பாக்கியா நிக்குது. எங்களுக்கு சிறு தொழில்னு உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (கவர்மெண்ட் பதிவு) இருக்கு, அதனால எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள்ள காசு வரணும், வரலைன்னா வாங்குனவங்க காசை குடுக்குற வருஷம்தான் வருமான வரில அந்த செலவை காட்ட முடியும், 1961 வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ரூல். அதை போட்டு ஒவ்வொரு பார்ட்டிக்கும் மரியாதையா லெட்டர் அனுப்புனார். சண்டை இல்லாம பாதிக்கு மேல வசூல் ஆச்சு. அந்த ஷீட்டோடவே பேங்குக்கு அவரே போய் பேசி, டெர்ம் லோன் தவணையை நீட்டி வாங்குனார். எம்எஸ்எம்இக்கு (சிறு, நடுத்தர தொழிலுக்கு) 2021ல வந்த ப்ரீ-பேக் வழியும் இருக்கு, ஓனர் சீட்ல இருந்துக்கிட்டே என்சிஎல்டிங்கிற கம்பெனி தீர்ப்பாயத்துல கடனுக்கு தீர்வு கேட்கலாம், ஆனா கடன் குடுத்தவங்கள்ல பெரும்பான்மை ஒத்துக்கணும், பேங்க் பேச்சு உடைஞ்சா மட்டும் அதை தொடலாம்னு சொல்லிட்டார். அது தேவைப்படல.

எனக்கு அவர்கிட்ட ரொம்ப பிடிச்சது வீட்டு ஆளுங்களை கையாண்ட விதம். சொந்தக்காரங்க வண்டி டீசல், கல்யாண மொய், கோயில் நன்கொடை எல்லாம் கம்பெனி அக்கவுண்ட்லதான் போயிட்டிருந்துச்சு. வீட்டுப்பிள்ளைங்க நாங்க எப்படிங்க பெரியப்பாகிட்ட போய் நிறுத்துங்கன்னு சொல்றது? இவர் நேரா போய், "ஐயா, இது நீங்க கட்டுன மில்லு, மாசம் உங்களுக்கு இவ்வளவு சம்பளம்னு வச்சுடுவோம், அதுக்கு மேல வேணும்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னார். பெரியப்பா கொஞ்ச நாள் ஆபீஸ் பக்கமே வரல, அப்புறம் அவரே அந்த 13 வார ஷீட்டை தினமும் கேட்டு வாங்கி பார்க்க ஆரம்பிச்சுட்டார். வெளியாள்ங்கிறதுக்கே தனி மதிப்பு இருக்கு, அந்த ஒரு வேலைக்கே ஃபீஸ் குடுக்கலாம்னு எனக்கு தோணுச்சு.

குறை இல்லாம இல்ல. மரவள்ளிக் கிழங்கு வாங்குறது அவருக்கு பிடிபடவே நாளாச்சு. விவசாயிகிட்ட 60 நாள் கிரெடிட் கேளுங்கன்னார், அது நடக்குமா? லோடு வந்து நிக்கும், கிழங்குல மாவுச்சத்து எவ்வளவுன்னு பாயிண்ட் பார்ப்போம், பாயிண்டுக்கு இவ்வளவுன்னு விலை பேசுவோம், காசு இழுத்தா அடுத்த லோடு பக்கத்து மில்லுக்கு போயிடும். காசை சேமிக்கிறேன்னு சீசன்ல கொள்முதலை இறுக்கி பிடிச்சார், நவராத்திரிக்கு வடக்க விரதத்துக்கு ஜவ்வரிசி டிமாண்ட் ஏறுற நேரத்துல எங்க குடோன்ல மூட்டை கம்மி. அந்த நஷ்டம் நெசமாவே வலிச்சுது. அப்புறம் அவரே வேபிரிட்ஜ்ல வந்து உக்காந்து புரோக்கர்ங்ககிட்ட கேட்டு கேட்டு கத்துக்கிட்டு முறையை மாத்துனார், அதையும் சொல்லணும். சூப்பர்வைசருக்கு முதல்ல இங்கிலீஷ்ல ரிப்போர்ட் ஃபார்மட் குடுத்தார், நாங்க சொன்னப்புறம் தமிழ்ல மாத்திட்டார்.

ஃபீஸ் அதிகம்தாங்க, மாசத்துக்கு ஒரு தொகை, பேங்க் வேலை முடிஞ்சா தனியா ஒரு தொகை. சின்ன தறிப்பட்டறை, கொலுசுப் பட்டறைக்கெல்லாம் இது கட்டுப்படியாகாது, ஆடிட்டரை வச்சு அந்த 13 வார ஷீட்டை மட்டும் போட்டாலே போதும். பேங்க் கடன் கோடிக்கணக்குல இருந்து வீட்ல ரெண்டு மூணு பங்காளி இருந்தா தாராளமா எடுக்கலாம், ஆனா என்பிஏ ஆகுறதுக்கு முன்னாடியே கூப்பிடுங்க. அக்ரிமெண்ட்ல எவ்வளவு வரைக்கும் அவர் தனியா கையெழுத்து போடலாம், எந்த தேதில கிளம்புவார், யாருக்கு சொல்லிக்குடுத்துட்டு போகணும்னு எழுதி வாங்கிக்கங்க. எங்களுக்கு அந்த கடைசி லைன்தான் ரொம்ப உதவுச்சு, இப்ப ஷீட்டை என் தங்கச்சிதான் வாரா வாரம் போடுறா.